ரோபோ முரண்டு பிடிக்கிறதா? முதல் போட்டிக்கு வருபவர்களுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

மாணவர் ரோபோ போட்டிகளுக்கு முதல் முறை வரும் அணிகளிடம் ஒரு பழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ரோபோ ஓடவில்லை என்றதும் மடிக்கணினியைத் திறந்து நிரலில் கை வைத்துவிடுவார்கள். நேற்று வரை ஒழுங்காக ஓடிய நிரல் அது. இரவோடு இரவாக அது தானாக மாறியிருக்க வழியில்லை. மாறக்கூடியவை வேறு: பேட்டரியில் உள்ள சார்ஜ், பயணத்தில் தளர்ந்த ஒயர், கழன்ற திருகு, சக்கரத்தில் படிந்த தூசி, அரங்கின் வெளிச்சம். சரியாக இருந்த நிரலைப் பதற்றத்தில் திருத்தினால் ஒரு கோளாறு இரண்டு கோளாறாகிவிடும்.

அதனால் தேடும் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் மின்சாரம், அப்புறம் இணைப்புகள், அப்புறம் இயந்திரப் பாகங்கள், கடைசியில்தான் நிரல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றி ரோபோ சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று தெரியாது. அதே கோளாறு அடுத்த ஆட்டத்தில் வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

கையில் ஒரு மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். விலை குறைந்ததே போதும். ரோபோவை மேசையில் சோதிக்கும்போது சக்கரங்கள் தரையைத் தொடாதபடி அடியில் கட்டை வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். எதிர்பாராமல் மோட்டார் சுற்றி மேசையிலிருந்து விழுந்து உடையும் ரோபோக்கள் ஒன்றிரண்டு அல்ல.

ஸ்விட்ச் போட்டும் உயிரே இல்லை

விளக்கு எதுவும் எரியவில்லை என்றால் பேட்டரியிலிருந்து தொடங்கி, மின்சாரம் போகும் பாதையிலேயே நடந்து போங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையில் வையுங்கள். சிவப்பு முனையைப் பேட்டரியின் நேர்முனை, ஸ்விட்ச்சுக்கு முன், ஸ்விட்ச்சுக்குப் பின், ஃபியூஸுக்குப் பின், போர்டின் (ரோபோவை இயக்கும் மின்சுற்றுப் பலகை) உள்ளீடு என ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் வோல்ட் காணாமல் போகிறதோ, கோளாறு அந்த இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில் இருக்கிறது. கடைசி வரை வோல்ட் வந்தும் போர்டு விளக்கு எரியவில்லை என்றால் கிரவுண்டு ஒயர், அதாவது பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் ஒயர், எங்கோ விட்டிருக்கலாம்.

ஃபியூஸ் போயிருந்தால், போன காரணத்தைத் தேடாமல் புதியதைப் போடாதீர்கள். பெரிய ஃபியூஸை மாற்றிப் போடவே கூடாது; அப்புறம் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். தோல் உரிந்த ஒயர் உலோகச் சட்டத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மடங்கி விரியும் கை இருக்கும் இடத்தில்தான் அது நடக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது நின்று, புதிதாகத் தொடங்குகிறது

புதிய அணிகளை அதிகம் அழவைக்கும் கோளாறு இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மேசையில் தூக்கி வைத்தால் எல்லாம் அருமையாக ஓடும். தரையில் வைத்து வேகமாகக் கிளப்பினாலோ, இன்னொரு ரோபோவைத் தள்ளினாலோ ஒரு கணம் செத்து, நிரல் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கும். பார்ப்பதற்கு நிரல் பிழை மாதிரியே இருக்கும். பெரும்பாலும் அது மின்னழுத்தச் சரிவு.

வீட்டில் கனமான தண்ணீர் மோட்டார் போட்டதும் விளக்கு ஒரு கணம் மங்குகிறதே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில், அல்லது சக்கரம் நகர முடியாமல் சிக்கும் கணத்தில், சாதாரணமாக இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்த மின்னோட்டம் பேட்டரியின் உள்மின்தடையையும் ஒயர்களையும் கனெக்டர்களையும் தாண்டி வர வேண்டும். ஒவ்வொரு தடையிலும் கொஞ்சம் வோல்ட் இழக்கப்படும். கணக்கு எளிது: மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் இழக்கும் வோல்ட். 0.02 ஓம் மின்தடையில் 100 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் போய்விடும். பேட்டரி முனையில் நட்டு தளர்ந்து அங்கே இன்னொரு 0.03 ஓம் சேர்ந்தால் மேலும் 3 வோல்ட் போகும். 12 வோல்ட் 7 ஆகிவிட்டது. ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெடிஷன் என்ற மாணவர் போட்டியில் பயன்படும் ரோபோரியோ கன்ட்ரோலர், 7 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே சரிந்ததும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மோட்டார்களை நிறுத்திவிடும். சிறிய போர்டுகளில் அந்தப் பாதுகாப்பு இருக்காது, நேரடியாக மறுதொடக்கம்தான்.

சரி, என்ன செய்வது? ஓய்வில் இருக்கும் பேட்டரியை அளந்து பார்த்து ஏமாறாதீர்கள். வயதான பேட்டரியும் ஓய்வில் நல்ல வோல்ட் காட்டும். மோட்டார்கள் சுமையோடு ஓடும்போது அளக்க வேண்டும். ரோபோவைச் சுவரில் முட்டவைத்து ஓரிரு விநாடி மட்டும் ஓட்டி, அப்போது வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அதிக நேரம் அப்படிப் பிடித்தால் மோட்டார் சூடாகிக் கருகிவிடும். அதே சோதனையை வேறு பேட்டரியில் செய்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு இறங்கினால் குற்றவாளி பேட்டரி அல்ல, ஒயரும் கனெக்டரும்தான். ஒவ்வொரு கனெக்டராகப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கும் கனெக்டர்தான் நீங்கள் தேடுவது.

சிறிய ரோபோக்களில் காரணம் வேறு மாதிரி இருக்கும். சதுரமான 9 வோல்ட் பேட்டரியை வைத்து மோட்டார் ஓட்டப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் உள்மின்தடை அதிகம். மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அதனால் தரவே முடியாது. அதை உடனே கழற்றிவிட்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களோ லித்தியம் பேக்கோ போடுங்கள். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சிறிய கன்ட்ரோலர் போர்டின் வெளி மின் உள்ளீட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவு 7 முதல் 12 வோல்ட். 6 வோல்ட் பேட்டரியை அதில் கொடுத்தால் போர்டு ஏற்கெனவே பாதிப் பட்டினியில்தான் ஓடிக்கொண்டிருக்கும். மோட்டார் கிளம்பியதும் விழும். போர்டின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவரும் தன் பங்குக்கு 1 ஆம்பியரில் 2 வோல்ட் அளவுக்குத் தின்றுவிடும் என்பதால் 6 வோல்ட் போட்டால் மோட்டாருக்குக் கிடைப்பது 4 வோல்ட்தான். ரோபோ ஏன் இவ்வளவு மந்தம் என்ற கேள்விக்கும் பல நேரம் இதுவே விடை.

லித்தியம் செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் செல் கெட்டுவிடும். உப்பிய செல்லை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். ஒரு கோப்பையை விட உங்கள் கை முக்கியம்.

போர்டுக்கும் மோட்டாருக்கும் தனித்தனிப் பேட்டரி வைத்தாலும் இந்தத் தொல்லை தீரும். ஆனால் இரண்டு பேட்டரிகளின் கிரவுண்டையும் ஒன்றாக இணைக்க மறந்தால் சிக்னல் போய்ச் சேராது. மோட்டார் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

நிரல் போர்டில் ஏற மறுக்கிறது

முதலில் யூ.எஸ்.பி. கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு. அவற்றில் தகவல் போகும் கம்பியே இருக்காது. போர்டு விளக்கு எரியும், ஆனால் கணினிக்குப் போர்டு தெரியாது. கேபிள் நல்லதுதான் என்றால் மென்பொருளில் சரியான போர்டும், கேபிள் செருகிய போர்ட்டும் (கணினியின் இணைப்பு வாயில்) தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த நகல் போர்டுகள் பலவற்றில் சி.எச்.340 என்ற சிப் இருக்கும். சில கணினிகளில் அதற்கான டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்; அரங்கில் இணையம் கிடைக்கும் என்று நம்பாமல் முன்கூட்டியே நிறுவிக்கொண்டு போங்கள். ஊனோவில் 0, 1 ஆம் பின்களில் (ஒயர் செருகும் இடங்கள்) புளூடூத் மாட்யூலை மாட்டியிருந்தால் நிரல் ஏற்றும்போது அதைக் கழற்ற வேண்டும். நிரலும் அதே வழியாகத்தான் உள்ளே போகிறது.

முன்னால் போகச் சொன்னால் சுழல்கிறது, அல்லது ஒரு பக்கமாக இழுக்கிறது

நின்ற இடத்தில் சுழன்றால் கவலையே வேண்டாம். இரு பக்க மோட்டார்களும் எதிரெதிராகப் பார்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றின் திசையை நிரலில் திருப்ப மறந்திருப்பீர்கள். ஒரு மோட்டாரின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினாலும் சரியாகும். ஆனால் என்கோடர் (சுற்றுகளை எண்ணும் சென்சார்) உள்ள மோட்டாரில் ஒயரை மட்டும் மாற்றினால் மோட்டார் ஒரு திசையிலும் எண்ணிக்கை எதிர்த்திசையிலும் போகும். அதனால் நிரலில் திருப்புவதே நல்லது. சாய்ந்த உருளைகள் பதித்த மெக்கானம் சக்கர ரோபோ பக்கவாட்டில் போகாமல் திணறினால் மேலேயிருந்து பாருங்கள்: நான்கு சக்கரங்களின் உருளைகளும் சேர்ந்து ஒரு பெருக்கல் குறி போலத் தெரிய வேண்டும். அப்படித் தெரியாவிட்டால் சக்கரங்கள் இடம் மாறியிருக்கின்றன.

மெல்ல ஒரு பக்கம் இழுப்பது வேறு கதை. ரோபோவை நிறுத்தி, கையால் ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிப் பாருங்கள். இழுக்கும் பக்கத்துச் சக்கரம் மற்றதைவிடக் கனமாகச் சுற்றினால் அச்சு வளைந்திருக்கலாம், சக்கரம் சட்டத்தில் உரசலாம், முடியோ நூலோ அச்சில் சுற்றியிருக்கலாம். இதைச் சரி செய்யாமல் நிரலில் ஒரு மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சமன் செய்பவர்கள் உண்டு. அது நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் அடக்குவது. பேட்டரி இறங்க இறங்க அந்தக் கணக்கும் மாறும். இயந்திரத்தைச் சரி செய்த பிறகு மிச்சமிருக்கும் சிறு இழுப்பை என்கோடரையோ, திரும்பும் கோணத்தை அளக்கும் ஜைரோவையோ வைத்து நிரலில் திருத்துங்கள்.

மோட்டார் சத்தம் வருகிறது, சக்கரம் நகரவில்லை

அச்சைப் பிடிக்கும் சிறு திருகு தளர்ந்துவிட்டது. பத்துக்கு ஒன்பது முறை இதுதான். அச்சில் தட்டையான பக்கம் இருந்தால் திருகு அதன்மேல் அமர வேண்டும். வட்டப் பக்கத்தில் அமர்ந்தால் எவ்வளவு முறுக்கினாலும் வழுக்கும். திருகு தளராமல் இருக்க நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி போதும். பாலிகார்பனேட் தகடு பக்கத்தில் அந்தப் பசை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தகட்டில் வெடிப்பு விட்டுவிடும். செயின் வைத்த ரோபோவில் செயின் தொய்ந்து பல் தாண்டுகிறதா என்றும், பிளாஸ்டிக் கியரில் பல் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சர்வோ நடுங்குகிறது

சர்வோ என்பது சொன்ன கோணத்தில் போய் நிற்கும் மோட்டார். போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து அதற்கு மின்சாரம் எடுக்காதீர்கள். எம்.ஜி.996ஆர் போன்ற ஒரு சர்வோ சிக்கினால் 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் வரை இழுக்கும். போர்டின் சிறிய ரெகுலேட்டர் அதைத் தாங்காது. சர்வோவுக்குத் தனி மின்வழி கொடுத்து, கிரவுண்டைப் பொதுவாக இணையுங்கள்.

சர்வோ சேர்த்த பிறகு மோட்டார் ஒன்று வேகக் கட்டுப்பாட்டை இழந்ததா? ஊனோவில் சர்வோ லைப்ரரி 9, 10 ஆம் பின்களின் பி.டபிள்யூ.எம். வசதியை, அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை, எடுத்துக்கொள்ளும். மோட்டார் டிரைவரின் வேகப் பின்னை 3, 5, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். நிரலில் வரி வரியாகத் தேடினாலும் இது கண்ணில் படாது என்பதால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

கோட்டைத் தொடர்ந்து போகும் ரோபோ கோட்டை விட்டுவிடுகிறது

வகுப்பறையில் பிசகாமல் போன ரோபோ போட்டி அரங்கில் முதல் வளைவிலேயே வெளியே போகிறது என்றால் வெளிச்சத்தைப் பாருங்கள். கோட்டைப் பார்க்கும் சென்சார்கள் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியை வைத்து வேலை செய்பவை. சூரிய ஒளியிலும் இழை விளக்குகளிலும் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது. ஜன்னல் பக்கம் களம் போட்டிருந்தால் காலையில் எடுத்த அளவு மாலையில் செல்லாது.

"வாசிப்பு 500க்கு மேல் போனால் கறுப்பு" என்று ஓர் எண்ணை நிரலில் எழுதி வைப்பதுதான் பிரச்சினையின் வேர். அதற்குப் பதிலாக, தொடங்கும்போது ரோபோவைக் கோட்டின் மேல் இடமும் வலமும் அசைத்து, ஒவ்வொரு சென்சாரின் குறைந்த, அதிக வாசிப்பையும் ரோபோவே பதிந்துகொள்ளும்படி எழுதுங்கள். நடுப்புள்ளியை அது தானே கணக்கிடட்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன், அதே களத்தில், இதைச் செய்ய விதிகள் இடம் தருகின்றனவா என்று முன்னரே படித்துக்கொள்ளுங்கள்.

சென்சாரின் உயரமும் முக்கியம். டி.சி.ஆர்.டி.5000 போன்ற அகச்சிவப்பு சென்சார்கள் தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயரத்தில்தான் தெளிவாகப் பார்க்கும். பின்னால் கனம் கூடி ரோபோவின் மூக்கு நிமிர்ந்தால் வாசிப்பு குழம்பும். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் ஒரு சிறு பாவாடை கட்டினால் வெளி வெளிச்சம் நன்றாகவே மறையும். வீட்டில் பயிற்சிக்குக் களம் வரைபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் மை எல்லாம் அகச்சிவப்புக்குக் கறுப்பு அல்ல. சில மார்க்கர்களின் கோடு சென்சாருக்குத் தெரியவே தெரியாது. கறுப்பு இன்சுலேஷன் டேப் பெரும்பாலும் ஏமாற்றாது.

வெளிச்சம் சரி, வாசிப்பும் சரி, ஆனாலும் பாம்பு போல நெளிகிறது என்றால் இப்போது நிரலுக்கு வாருங்கள். பி.ஐ.டி. (விலகலைப் பார்த்து மூன்று எண்களைக் கொண்டு திருத்தும் முறை) பயன்படுத்துபவர்கள் மூன்று எண்களையும் ஒன்றாகத் திருகுவதை நிறுத்துங்கள். மற்ற இரண்டையும் பூஜ்யமாக்கி, முதல் எண்ணை மட்டும் ரோபோ கோட்டைப் பிடித்துக்கொண்டு லேசாக நெளியும் வரை கூட்டுங்கள். பிறகு மூன்றாவது எண்ணை மெல்லக் கூட்டினால் நெளிவு அடங்கும். நடு எண், அதாவது பழைய பிழைகளைக் கூட்டிக்கொண்டே போவது, கோட்டைத் தொடரும் ரோபோவுக்குப் பல நேரம் தேவையே படாது. வேகத்தை மாற்றினால் இந்த எண்களையும் மறுபடி பார்க்க வேண்டும்.

நிரலில் காத்திருக்கும் கட்டளைகள் இருக்கின்றனவா என்றும் தேடுங்கள். விநாடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் போகும் ரோபோ, 100 மில்லிவிநாடி காத்திருக்கும் நேரத்தில் 5 சென்டிமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போய்விடும். வளைவில் அது போதும்.

தூரம் பார்க்கும் சென்சார் இருந்தும் சுவரில் மோதுகிறது

மீயொலி சென்சார் நேரெதிரே உள்ள கெட்டியான பரப்பைத்தான் நன்றாகப் பார்க்கும். சாய்ந்த சுவரில் பட்ட ஒலி வேறு பக்கம் தெறித்துவிடும்; துணியும் ஸ்பாஞ்சும் ஒலியை விழுங்கிவிடும். எச்.சி.-எஸ்.ஆர்.04 சென்சாரால் 2 சென்டிமீட்டருக்கு உள்ளே இருப்பதை அளக்க முடியாது, எனவே அதை ரோபோவின் விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் பொருத்துங்கள். இரண்டு சென்சார்கள் இருந்தால் ஒன்றின் ஒலியை மற்றது கேட்டுக் குழம்பும். ஒன்றை முடித்து, 60 மில்லிவிநாடி விட்டு அடுத்ததை இயக்குங்கள். ஆர்டுயினோவில் எதிரொலிக்காகக் காத்திருக்கும் பல்ஸ்இன் கட்டளை, வரம்பு எதுவும் கொடுக்காவிட்டால் 1 விநாடி வரை காத்திருக்கும். சென்சார் ஒயர் விட்டுப்போனால் ரோபோ விநாடிக்கணக்கில் குருடாக ஓடுவது இதனால்தான். 30,000 மைக்ரோவிநாடி என்று வரம்பு வைத்தால் தேவைக்கு மேல் போதும்.

பயிற்சியில் துல்லியமாக இருந்த தன்னியக்க ஓட்டம் அரங்கில் கோணலாகிறது

ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் போட்டியில் தன்னியக்கப் பகுதி, அதாவது ஓட்டுபவர் இல்லாமல் ரோபோ தானாக ஓடும் பகுதி, 30 விநாடி. ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியில் 2 நிமிடம் 30 விநாடி ஆட்டம் முழுவதும் ரோபோ தானாகவே ஓட வேண்டும். அந்தச் சிறு நேரத்துக்கு மாதக்கணக்கில் உழைத்திருப்பீர்கள். கோணலானால் மனம் உடையத்தான் செய்யும். ஆனால் இதற்குக் காரணங்கள் சிலவே, தேடினால் கிடைக்கும்.

நேரத்தை வைத்து நகர்த்தியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். "2 விநாடி முன்னால் போ" என்ற கட்டளை, நிறைந்த பேட்டரியில் ஒரு தூரமும் பாதிப் பேட்டரியில் வேறு தூரமும் போகும். என்கோடரை வைத்து, சக்கரம் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று எழுதுங்கள். என்கோடரும் ஒரு விஷயத்தில் ஏமாறும்: சக்கரம் வழுக்கினால் சுற்று எண்ணிக்கை ஏறும், ரோபோ நகர்ந்திருக்காது. கிளம்பும்போதும் நிற்கும்போதும் வேகத்தைப் படிப்படியாக மாற்றினால் வழுக்கல் குறையும். ஆட்டத்துக்கு முன் சக்கரங்களை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். இதை ஒரு சடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்தது தொடக்க நிலை. தொடங்கும்போது 2 டிகிரி திரும்பியிருந்தால், 2 மீட்டர் போவதற்குள் 7 சென்டிமீட்டர் விலகியிருக்கும். கண்ணளவில் வைக்காதீர்கள். விதிகள் அனுமதித்தால் ஓர் அட்டையோ மட்டப்பலகையோ வைத்துப் பொருத்துங்கள். வழியில் சுவர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்: மெதுவாகப் பின்னால் போய்ச் சுவரில் ஒட்டி நின்றால் ரோபோ தானாக நேராகிவிடும். அதுவரை சேர்ந்த பிழையெல்லாம் அங்கே அழிந்துபோகும். எளிய உத்திதான், ஆனால் விலை உயர்ந்த சென்சாரைவிட இது காப்பாற்றிய ஓட்டங்கள் அதிகம் என்பது என் எண்ணம்.

ஜைரோ பயன்படுத்தினால், ரோபோவை ஆன் செய்யும்போது அசைக்காதீர்கள். பல ஜைரோக்கள் அந்தக் கணத்தில்தான் "இது பூஜ்யம்" என்று முடிவு செய்யும். கையில் பிடித்தபடி ஆன் செய்த லெகோ இ.வி.3 ரோபோ, நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும். கேமரா பயன்படுத்தினால் தானியங்கி வெளிச்ச அளவையும் தானியங்கி வண்ணச் சமனையும் அணைத்து, அரங்கிலேயே மதிப்புகளை நிலைநிறுத்துங்கள்.

கட்டுப்பாட்டு இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது

அரங்கில் ஏராளமான ரோபோக்களும் கைபேசிகளும் ஒரே காற்றலையைப் பங்கிடுகின்றன. எச்.சி.-05 புளூடூத் மாட்யூல்கள் பெரும்பாலும் ஒரே பெயரிலும் 1234 என்ற ஒரே கடவு எண்ணிலும் வரும். பக்கத்து அணியின் ரோபோவோடு உங்கள் கைபேசி சேர்ந்துவிட்டால் இருவருக்கும் தலைவலி. பெயரையும் எண்ணையும் வீட்டிலேயே மாற்றிவிடுங்கள். வைஃபை என்றால், போட்டி அனுமதிக்கும் பட்சத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குப் போங்கள். உங்கள் சொந்த ஹாட்ஸ்பாட்டுகளைப் போட்டி வளாகத்தில் அணைத்து வையுங்கள்; பல போட்டிகளில் அது விதி.

இன்னொரு காரணமும் உண்டு, பலருக்கும் அது தோன்றாது. ஸ்பாஞ்சு விரிப்பின் மேல் ஓடும் ரோபோவில் சக்கர உராய்வால் நிலைமின்னேற்றம் சேரும். உலோகப் பொருளையோ இன்னொரு ரோபோவையோ தொடும் கணத்தில் அது பொறியாகப் பாய்ந்து போர்டை நிறுத்திவிடும். காற்று வறண்ட நாட்களில் இது அதிகம். மோதிய கணத்திலேயே இணைப்பு போகிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். போர்டை உலோகச் சட்டத்தில் நேரடியாகத் தொடவிடாமல் பிளாஸ்டிக் தகட்டின் மேல் பொருத்துங்கள், கேபிள்களில் மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

மோதலில் யூ.எஸ்.பி. முனை நழுவுவதும் சகஜம். ஒவ்வொரு கேபிளையும் முனைக்குப் பக்கத்திலேயே சட்டத்தோடு கட்டுங்கள்; இழுபடுவது கட்டாக இருக்கட்டும், முனை அல்ல.

பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்

அளவு, எடை, கூர்மையான விளிம்பு, கைக்கு எட்டாத ஸ்விட்ச், அனுமதியில்லாத பாகம். காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. ரோபோக்கள் ஒன்றையொன்று வளையத்துக்கு வெளியே தள்ளும் மினி சுமோவில் 500 கிராம், 10 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம் என்பதுதான் வழக்கமான வரம்பு. 501 கிராம் என்றாலும் வெளியேதான். வீட்டுத் தராசும் அரங்கின் தராசும் சற்று வேறுபடும் என்று வைத்துக்கொண்டு வரம்புக்குக் கீழேயே நில்லுங்கள். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சில் தொடக்கத்தில் ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கேபிள் கட்டு போதும் தடுக்கப்பட. அட்டையில் அதே அளவுக்கு ஒரு பெட்டி செய்து வீட்டிலேயே நுழைத்துப் பாருங்கள்.

பரிசோதகர் எதிரி அல்ல. அவர் சொல்லும் குறையை எந்த விதி எண்ணின் கீழ் சொல்கிறார் என்று மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திருத்தும் வேலை பாதியாகக் குறைந்துவிடும். விதிப் புத்தகம் பருவத்தின் நடுவில் திருத்தப்படுவதும் உண்டு, அதனால் கடைசிப் பதிப்பைப் படித்த ஒருவராவது அணியில் இருக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கியும் ரோபோ அசையவில்லை

தவறான நிரல் தேர்வாகியிருக்கும், அல்லது முதன்மை ஸ்விட்ச் போடப்பட்டிருக்காது, அல்லது பேட்டரி முனை முழுதாக உள்ளே போயிருக்காது. மூன்றுமே மறதிதான். பதற்றத்தில் எவருக்கும் மறக்கும். ஒரு தாளில் எழுதி, ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் தொட்டுப் பார்த்து "ஆச்சு" என்று சொல்லட்டும். மனப்பாடம் இந்த இடத்தில் வேண்டாம்.

ரோபோ நன்றாக இருக்கிறது, ஓட்டுபவர் தடுமாறுகிறார்

கடைசி நாள் வரை ரோபோவைக் கட்டிக்கொண்டே இருந்தால் ஓட்டிப் பழக நேரம் எங்கே இருக்கும்? இரண்டு வசதிகள் குறைந்தாலும் பரவாயில்லை, ரோபோவை முன்னதாக முடித்து ஓட்டுபவர் கையில் கொடுங்கள். நன்றாக ஓட்டப்படும் எளிய ரோபோ, பழகாத கையில் இருக்கும் சிக்கலான ரோபோவை வெல்வதை எந்தப் போட்டியிலும் பார்க்கலாம்.

ரோபோ தன்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகிறதா? எதிர்முனையில் நின்று அதை மட்டும் தனியாகப் பழகுங்கள். ஜாய்ஸ்டிக் குச்சியைத் தொடாமலே ரோபோ ஊர்ந்தால், நடுவில் ஒரு சிறு பகுதியை நிரல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். நுணுக்கமான வேலைக்கு வேகத்தைக் குறைக்கும் ஒரு பொத்தானும் வையுங்கள். ஓட்டுபவர் அருகில் நின்று பேசுவது ஒருவராக மட்டும் இருக்கட்டும்.

இன்னும் சில நிமிடம்தான், எதுவும் சரியாகவில்லை

தேடுவதை நிறுத்துங்கள். கடைசியாக நன்றாக ஓடிய நிரலின் பிரதியை ஏற்றுங்கள். இதற்காகவே, ஒழுங்காக ஓடும் ஒவ்வொரு கட்டத்திலும் தேதியும் நேரமும் போட்டு ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். சிக்கியிருக்கும் கை மடிந்த நிலையில் இருக்கும்படி கட்டிவிடுங்கள். விதிக்கு உட்பட்ட கட்டாக இருக்கட்டும். ஓடும் சக்கரங்களோடு மட்டும் களத்துக்குப் போங்கள். நகரும் ரோபோ எதிரணியின் வழியை மறிக்கலாம், பொருட்களைத் தள்ளலாம், நிறுத்துமிடத்தில் போய் நின்று புள்ளி எடுக்கலாம்.

பிட் பகுதியில் (அணிகள் ரோபோவைப் பழுதுபார்க்கும் இடம்) பக்கத்து அணியிடம் உதவி கேளுங்கள். இந்தப் போட்டிகளில் எதிரணிக்குத் திருகாணி கடன் கொடுப்பது சாதாரண விஷயம். மூத்த அணியில் உங்கள் கோளாறை ஏற்கெனவே பார்த்த ஒருவர் நிச்சயம் இருப்பார். "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தச் சமயத்தில் நிற்கிறது, அப்போது எந்த விளக்கு எரிகிறது, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று என்று சொன்னால் அவர் சரியான இடத்தில் கை வைப்பார்.

கூட்டணியாக ஆடும் போட்டி என்றால், களத்துக்குப் போகும் முன் கூட்டாளி அணியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்: "எங்கள் கை வேலை செய்யவில்லை, ஓட முடியும், தடுக்க முடியும், தன்னியக்கத்தில் கோட்டைத் தாண்டி நிற்போம்." அதை வைத்து அவர்கள் திட்டத்தை மாற்றிக்கொள்வார்கள்.